காலைச் சத்தமும் கெட்டி ஆயிலும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தில் வாசகர் கேள்விகளுக்கு அளிக்கப்படும் பதில்களைத் தொடர்ந்து படித்துவருகிறேன். அண்மையில் ஒரு வாசகர், தமது பழைய பெட்ரோல் கார் காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் கடகடவென்று சத்தமிடுவதாகவும், சில நொடிகளில் அது தானாக நின்றுவிடுவதாகவும் எழுதியிருந்தார். நெடுந்தூரம் ஓடிய வண்டிகளில் இது இயல்பே என்றும், அடுத்த முறை ஆயில் மாற்றும்போது 20டபிள்யூ-50 போன்ற கெட்டியான ஆயிலை ஊற்றினால் சத்தம் அடங்கிவிடும் என்றும் அவருக்குப் பதில் தரப்பட்டிருந்தது. பழைய என்ஜின்களைப் பிரித்துச் சேர்க்கும் வேலையிலேயே வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவன் என்ற முறையில், இந்த அறிவுரையைப் பின்பற்றினால் பலருடைய என்ஜின்கள் கெடும் என்று நம்புவதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

இந்தக் கருத்து தங்கள் பக்கத்தில் மட்டும் காணப்படுவதன்று. பழைய என்ஜினில் தேய்மானத்தால் இடைவெளிகள் அகன்றிருக்கும், அகன்ற இடைவெளியை நிரப்பக் கெட்டியான ஆயில் வேண்டும் என்ற வாதம் கேட்பதற்குப் பொருத்தமாக இருப்பதால் எல்லோரும் எளிதில் ஏற்றுக்கொள்கிறார்கள். சூடேறிய பிறகு ஆயில் அழுத்தம் குறைவாக உள்ள என்ஜினுக்கு அதில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆனால் இரவெல்லாம் நின்று குளிர்ந்த என்ஜின் முதல் சில நொடிகளில் எழுப்பும் சத்தத்துக்கு அதே மருந்தைத் தருவது பெரும்பாலும் நேர்எதிரான விளைவையே தரும்.

என்ஜினை அணைத்தவுடன் மேற்பகுதியில் உள்ள ஆயில் மெல்ல வழிந்து, என்ஜினின் அடியில் உள்ள ஆயில் தொட்டியான சம்பில் சேர்ந்துவிடுகிறது. சுழலும் தண்டுகளைத் தாங்கும் பேரிங்குகளிலும், வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாப்ட்டிலும் ஒரு மெல்லிய படலம் மட்டும் எஞ்சியிருக்கிறது. மறுநாள் காலை ஸ்டார்ட் செய்யும்போது பம்ப் சம்பிலிருந்து ஆயிலை உறிஞ்சி, ஃபில்டர் வழியாக முதன்மைக் குழாயில் செலுத்தி, அங்கிருந்து பிஸ்டன்களால் சுழலும் முதன்மைத் தண்டான கிராங்க் ஷாப்ட்டின் பேரிங்குகளுக்கும், கடைசியாகத் தலைப்பகுதியில் உள்ள கேம்ஷாப்ட்டுக்கும், அதன் அசைவை வால்வுகளுக்குக் கடத்தும் டேப்பெட்டுகளுக்கும் கொண்டுசேர்க்க வேண்டும். அழுத்தம் வரும்வரை அந்தப் பாகங்கள் முந்தைய நாளின் படலத்தை நம்பியே இயங்குகின்றன. ஆகவே குளிர்ந்த நிலையில் ஆயில் எவ்வளவு விரைவாகப் பாய்கிறது என்பதே முதல் கேள்வி.

குளிர்ந்த நிலையில் எந்த ஆயிலும் தேவைக்கு அதிகமான கெட்டித்தன்மையுடனேயே இருக்கிறது என்பதைப் பலர் அறிவதில்லை. மெல்லிய ஆயில் என்று அஞ்சப்படும் 5டபிள்யூ-30, 100 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ 11 சென்டிஸ்டோக்ஸ் பாகுநிலை (கெட்டித்தன்மையின் அளவு) கொண்டது. 40 டிகிரியில் அதே ஆயில் பொதுவாக 60 முதல் 70 வரை இருக்கும்; 20 டிகிரியில் சூடான நிலையைப்போல் பத்து மடங்குக்கும் மேல் கெட்டிப்பட்டிருக்கும். 20டபிள்யூ-50 ஆயிலோ 40 டிகிரியிலேயே 160 முதல் 180 வரை இருக்கும். என்ஜின் வேண்டுவது சூடான நிலையில் உள்ள பாகுநிலையை. காலையில் அதற்குக் கிடைப்பது அதைவிடப் பல மடங்கு கெட்டியான திரவம். அந்த நிலையில் மேலும் கெட்டியானதைத் தேடிப் போவதில் பொருளில்லை.

டப்பாவின் மீதுள்ள எண்களைச் சற்று விளக்க வேண்டியிருக்கிறது. வாகனப் பொறியாளர்களின் அமைப்பான எஸ்.ஏ.இ.யின் ஜே300 தரநிலைப்படி, டபிள்யூ என்ற எழுத்துக்கு முன்னால் உள்ள எண் கடுங்குளிரில் ஆயில் நடந்துகொள்ளும் விதத்தைச் சொல்கிறது. 5டபிள்யூ ஆயிலை மைனஸ் 30 டிகிரியிலும், 10டபிள்யூ ஆயிலை மைனஸ் 25 டிகிரியிலும், 15டபிள்யூ ஆயிலை மைனஸ் 20 டிகிரியிலும், 20டபிள்யூ ஆயிலை மைனஸ் 15 டிகிரியிலும் சோதித்து, கிராங்க் ஷாப்ட்டைச் சுழற்ற முடியாத அளவுக்கு அது இறுகிவிடவில்லை என்பதை உறுதிசெய்கிறார்கள். பின்னால் உள்ள எண் 100 டிகிரியில் உள்ள பாகுநிலை: 30 என்றால் 9.3 முதல் 12.5-க்குள், 40 என்றால் 12.5 முதல் 16.3-க்குள், 50 என்றால் 16.3 முதல் 21.9-க்குள். பனியே காணாத இடத்தில் வாழ்பவருக்கு முதல் எண் தேவையில்லை என்று சிலர் வாதிடுகிறார்கள். என்ஜின் உறைந்துபோகாது என்ற அளவில் அது சரிதான். ஆயினும் பின் எண் ஒன்றாக இருக்கும்போது, முன் எண் சிறியதாக உள்ள ஆயில் பெரும்பாலும் மிதமான காலைக் குளிரிலும் சற்று முன்னதாகவே மேற்பகுதியை அடைகிறது. 5டபிள்யூ-40 ஆயிலும் 15டபிள்யூ-40 ஆயிலும் சூடேறிய பின் ஏறத்தாழ ஒரே பாகுநிலையில் இருக்க, வேறுபாடு முழுவதும் சூடேறுவதற்கு முன்னால்தான் தெரிகிறது. சத்தம் கேட்பதும் அந்த நேரத்தில்தானே!

கெட்டி ஆயிலால் வரும் இன்னொரு கேட்டைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பம்பில் அழுத்தம் எல்லை மீறும்போது திறந்துகொள்ளும் ரிலீஃப் வால்வு ஒன்று உண்டு. ஆயில் மிகக் கெட்டியாக இருந்தால் குளிர்ந்த நிலையில் அந்த வால்வு திறந்து, பேரிங்குக்குப் போக வேண்டிய ஆயிலின் ஒரு பகுதியைத் திரும்பச் சம்புக்கே அனுப்பிவிடுகிறது. ஃபில்டரிலும் இதேபோல ஒரு பைபாஸ் வால்வு இருக்கிறது. காகித வலை வழியாக ஆயில் போதிய வேகத்தில் புக முடியாதபோது அது திறந்து, வடிகட்டாத ஆயிலையே உள்ளே விடுகிறது. அழுத்த மானியில் முள் உயரத்தில் நிற்பதைக் கண்டு மகிழ்பவர்கள், அந்த அழுத்தம் ஆயில் பாயத் தடைப்படுவதாலும் வருவது என்பதைக் கவனிப்பதில்லை.

இத்தனைக்கும் பிறகு, கெட்டி ஆயில் ஊற்றியதும் சத்தம் குறைந்ததாகச் சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. பேரிங்கிலோ பிஸ்டனிலோ இடைவெளி அகன்றிருந்தால், தடித்த படலம் உலோகம் உலோகத்தில் மோதும் ஓசையை மட்டுப்படுத்தும். கதவைத் தட்டுபவரின் கையில் துணியைச் சுற்றிவிடுவது போன்றது அது, தட்டுதல் நிற்கவில்லை. ராட் பேரிங் (பிஸ்டன் தண்டு கிராங்க் ஷாப்ட்டுடன் சேரும் இடத்தில் உள்ள பேரிங்) தேய்ந்த என்ஜின் ஒன்று, உரிய நேரத்தில் ஒரு ஜோடி பேரிங் ஷெல்லோடு முடிந்திருக்க வேண்டியது, சத்தம் அடங்கியதை நம்பி ஓட்டப்பட்டதால் கிராங்க் ஷாப்ட்டே கெட்டுப்போய் வந்து நிற்பதைப் பழுதுபார்ப்பவர் எவரும் பார்த்திருப்பார். அதனால்தான் ஆயிலைப் பற்றி முடிவெடுக்கும் முன் சத்தம் எது என்பதைக் கண்டறிய வேண்டும் என்கிறேன்.

கண்டறிவதற்கு முதலில் வேண்டியது கடிகாரம். சத்தம் எவ்வளவு நேரம் நீடிக்கிறது, என்ஜின் சூடேற ஏறக் குறைகிறதா, கூடுகிறதா என்ற கேள்வியே பாதி வேலையை முடித்துவிடும். முன்னதாக ஆயில் அளவைக் காட்டும் டிப்ஸ்டிக்கைப் பார்த்துவிட வேண்டும். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, என்ஜினை அணைத்து ஐந்து முதல் பத்து நிமிடம் கழித்துப் பார்ப்பது சரியான முறை. அளவு குறைந்திருந்தால் பம்ப் காற்றையும் சேர்த்து உறிஞ்சும். அளவு கூடியிருந்தாலும் கேடுதான். சுழலும் கிராங்க் ஷாப்ட் ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும், ஆயில் அழுத்தத்தால் தானே இடைவெளியைச் சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் டேப்பெட்டில் நுரை புகுந்தால் அது டிக் டிக் என்று தட்டத் தொடங்கும். இதைப் பார்க்காமலேயே தலைப்பகுதியைக் கழற்றச் சொல்லும் மெக்கானிக்கிடம் வண்டியை விடாதீர்கள் என்று வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

ஓரிரு நொடிகளில் மறைந்துவிடும் சத்தம் பெரும்பாலும் ஆயில் வந்துசேரத் தாமதமாவதையே காட்டுகிறது. என்ஜினின் முன்பக்கம் அல்லது செயின் இருக்கும் பக்கத்திலிருந்து கடகடவென்று வந்தால் கிராங்க் ஷாப்ட்டிலிருந்து கேம்ஷாப்ட்டைச் சுழற்றும் டைமிங் செயினைச் சந்தேகிக்க வேண்டும். பல என்ஜின்களில் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் அழுத்தத்தால் இயங்குவது; இரவில் அதன் ஆயில் வடிந்துவிட்டால், அழுத்தம் திரும்பும்வரை செயின் தளர்ந்து தன் வழிகாட்டிப் பட்டைகளில் அடித்துக்கொள்ளும். வால்வு திறக்கும் நேரத்தை மாற்றியமைக்கும் ஏற்பாடு உள்ள என்ஜின்களில் கேம்ஷாப்ட்டின் முனையில் உள்ள ஃபேசரும் இதே நேரத்தில் இதேபோல் அதிரும். டைமிங் பெல்ட் உள்ள என்ஜினில் இந்தச் செயின் சத்தத்துக்கு இடமில்லை. ஆதலால் தமது வண்டியில் இருப்பது செயினா பெல்ட்டா என்பதை உரிமையாளர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். மேற்பகுதியிலிருந்து சீராக டிக் டிக் என்று வந்தால், அது இரவில் ஆயில் கசிந்து சுருங்கிய ஹைட்ராலிக் டேப்பெட்டாக இருக்கலாம்.

இவ்விடத்தில் குற்றவாளியாக நிற்பது பல நேரங்களில் ஃபில்டர்தான். ஃபில்டருக்குள் ரப்பர் சவ்வு போன்ற ஒரு வால்வு உண்டு. என்ஜின் நின்றபின் ஃபில்டரிலும் குழாய்களிலும் உள்ள ஆயில் திரும்பி வடிந்துவிடாமல் தடுப்பது அதன் பணி. ஃபில்டர் படுக்கைவாட்டிலோ தலைகீழாகவோ பொருத்தப்பட்ட என்ஜின்களில் இந்த வால்வு இன்றியமையாதது. மலிவான ஃபில்டர்களில் இது பெரும்பாலும் நைட்ரைல் ரப்பரால் ஆனது; வெப்பத்தில் விறைத்துப்போனபின் சரியாக மூடாது. சிலிக்கோனால் ஆனது நெடுநாள் நெகிழ்வோடு இருக்கும். ஆகவே முதல் நொடிச் சத்தத்துக்கு நான் சொல்லும் முதல் பரிகாரம், வண்டி தயாரிப்பாளர் குறிப்பிட்ட தரமுள்ள ஒரு நல்ல ஃபில்டரை மாற்றிவிட்டு, மறுநாள் காலை கேட்டுப் பார்ப்பது. வண்டி ஒரு மணி நேரம் நின்றபின் ஸ்டார்ட் செய்தால் சத்தம் இல்லை, இரவு முழுவதும் நின்றால் மட்டும் வருகிறது என்றால், ஆயில் திரும்ப வடிந்துவிடுகிறது என்ற ஐயம் வலுப்படும்.

இதை உறுதிசெய்ய எளிய சோதனை ஒன்றும் உண்டு. எரிபொருள் பம்பின் ஃபியூஸைக் கழற்றிவிட்டு, என்ஜின் பற்றாத நிலையில் ஸ்டார்ட்டரால் சில நொடிகள் சுழற்ற வேண்டும். ஆயில் விளக்கு அணைந்ததும் ஃபியூஸைத் திரும்பப் பொருத்தி ஸ்டார்ட் செய்தால், சத்தம் வராவிட்டால் காரணம் அழுத்தத் தாமதமே. அப்போதும் கடகடத்தால் செயின் நீண்டிருக்கலாம், டென்ஷனரின் எல்லை முடிந்திருக்கலாம். அந்த நிலையில் நாளைக் கடத்தக்கூடாது. செயின் பல் தாவினால் பல என்ஜின்களில் பிஸ்டன் வால்வுகளில் மோதி என்ஜினே பாழாகும். தங்கள் பக்கத்துக்கு எழுதிய வாசகர் சொன்ன அறிகுறிகள் இந்த வகையைச் சேர்ந்தவை என்பதே எனது கவலைக்குக் காரணம்.

சில நிமிடங்கள் நீடித்துப் பிறகு கரையும் சத்தம் வேறு கதை. அலுமினியம் வெப்பத்தில் வார்ப்பிரும்பைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு விரிவது. எனவே வார்ப்பிரும்பு போருக்குள் (சிலிண்டரின் உட்குழலுக்குள்) ஓடும் அலுமினியப் பிஸ்டன் குளிர்ந்த நிலையில் சற்றுத் தளர்வாக இருந்து, மேல்முனையில் பக்கம் மாறும்போது போரின் சுவரில் தொப் தொப்பென்று மோதும். சூடேறி விரிந்ததும் சத்தம் அடங்கும். பழைய என்ஜினில் ஓரளவு பிஸ்டன் சத்தம் இருப்பது உடனடி ஆபத்தன்று. ஆயில் குடிப்பதும் புகையும் அதோடு சேராதவரை அதனுடன் ஆண்டுக்கணக்கில் ஓட்டலாம். ஆனால் இதே நேர அளவில், டேப்பெட்டைப் போலவே டிக் டிக்கென்று ஒலித்து ஏமாற்றும் இன்னொன்று இருக்கிறது: புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் மூட்டில் உள்ள அடைப்பான கேஸ்கெட்டின் கசிவு. உலோகம் சூடாகி விரிந்து இடைவெளியை மூடிக்கொள்வதால் அதுவும் தானாக மறையும். ஆக்சிலரேட்டரை மிதித்துச் சுமை ஏற்றும்போது கூடும். மூட்டில் கரிப் படிவு தெரியும். இதற்காக ஆயிலை எத்தனை முறை மாற்றினாலும் பயனில்லை. இச்சோதனையைத் திறந்த வெளியில் மட்டுமே செய்ய வேண்டும், ஏனெனில் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை.

டீசல் என்ஜின்கள் குளிர்ந்த நிலையில் டக்டக்கென்று அடிப்பதற்குக் காரணம் எரிதலில் உள்ளது. பீய்ச்சப்பட்ட டீசல் குளிர்ந்த அறையில் பற்றிக்கொள்ளத் தாமதமாகி, சேர்ந்துவிட்ட எரிபொருள் ஒரேயடியாக எரிவதால் அந்த அடி உண்டாகிறது. குளிரில் எரிஅறையைச் சூடாக்கும் க்ளோ பிளக் ஒரு சிலிண்டரில் செயலிழந்திருந்தால் வெள்ளைப் புகையும் ஒழுங்கற்ற குலுக்கலும் சேர்ந்துவரும். எந்தச் சிலிண்டர் என்று கண்டறிய, அந்தக் காலத்து மெக்கானிக்குகள் ஓடும் என்ஜினில், எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டருக்குச் செல்லும் குழாயின் நட்டைத் தளர்த்திப் பார்ப்பார்கள். எல்லா இன்ஜெக்டர்களுக்கும் ஒரே உயரழுத்தக் குழாயிலிருந்து டீசல் தரும் காமன் ரெயில் என்ஜினில் எந்நிலையிலும் இதைச் செய்யக்கூடாது. அந்தக் குழாய்களில் டீசலின் அழுத்தம் 1,000 பாருக்கும் (வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ ஆயிரம் மடங்குக்கும்) மேல் போகக்கூடும். பீறிடும் கீற்று தோலைத் துளைத்து உள்ளே புகுந்து கையையே இழக்கச் செய்யும்.

சூடேற ஏறக் கூடும் சத்தத்தைத்தான் உண்மையில் அஞ்ச வேண்டும். ராட் பேரிங், கிராங்க் ஷாப்ட்டைத் தாங்கும் மெயின் பேரிங் ஆகியவை தேய்ந்தால், ஆயில் இளகி மெலிவதற்கேற்ப அடியிலிருந்து டொக் டொக்கென்ற ஆழ்ந்த ஒலி தெளிவாகும். ராட் பேரிங் ஒலி ஆக்சிலரேட்டரை மிதித்துச் சட்டென்று விடும்போது தனித்துக் கேட்கும்; மெயின் பேரிங் ஒலி இன்னும் தாழ்ந்தது, சுமையில் கூடுவது. இந்த வண்டியை மேலும் ஓட்டிப் பார்ப்பதும் கெட்டி ஆயிலால் அடக்கிப் பார்ப்பதும் செலவைப் பெருக்கும் வழிகள். சம்பைக் கழற்றிப் பேரிங்கைப் பார்த்தே தீர வேண்டும்.

காது பழகியவர்களுக்குத் தாளமும் துணை செய்யும். கேம்ஷாப்ட், கிராங்க் ஷாப்ட்டின் பாதி வேகத்தில் சுழல்கிறது. நிமிடத்துக்கு 800 சுற்றில் ஐடிலிங்கில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல், வண்டி நின்ற நிலையில்) ஓடும் என்ஜினில், ஒரு டேப்பெட்டின் தட்டல் நொடிக்கு ஏழுக்குச் சற்றுக் குறைவாகவும், கிராங்க்கோடு சேர்ந்த தட்டல் பதின்மூன்றாகவும் வரும். எண்ண முடியாவிட்டாலும் மெதுவானது, விரைவானது என்ற வேறுபாட்டை யாரும் உணரலாம். மெக்கானிக் ஸ்டெதஸ்கோப் இல்லையென்றால் நீண்ட ஸ்குரூ டிரைவரின் பிடியைக் காதோரம் வைத்து, முனையை வால்வு மூடி, செயின் மூடி, சம்ப், ஆல்டர்னேட்டர் என்று ஒவ்வொன்றிலும் வைத்துக் கேட்கலாம். ஓடும் பெல்ட்டிலும் விசிறியிலும் படாத கவனம் வேண்டும். ஒவ்வொரு சிலிண்டரின் இன்ஜெக்டர் இணைப்பையும் சிறிது நேரம் துண்டித்துப் பார்த்தால், பிஸ்டன் அல்லது ராட் சத்தம் அந்தச் சிலிண்டரில் குறையும். டேப்பெட் சத்தம் மாறாது. பிளக் ஒயரைத் துண்டிப்பதைவிட இது நல்லது, எரியாத பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குப் போகாது.

கிரீச்சென்ற ஒலி ஈரம் படிந்த பெல்ட்டுடையது. ஓடும் பெல்ட்டின் மீது சிறிது தண்ணீர் தெளித்ததும் சத்தம் மாறினால் பெல்ட்டையும் அதன் இறுக்கத்தையும் பார்த்தால் போதும். தளர்ந்த வெப்பத் தடுப்புத் தகடு எழுப்பும் அதிர்வை என்ஜின் நோய் என்று எண்ணி அலைந்தவர்களும் உண்டு.

இங்கே ஒன்றைத் தனியாகச் சொல்ல விரும்புகிறேன். கையால் இடைவெளி சரிசெய்யும் டேப்பெட்டுகள் உள்ள பழைய என்ஜின்களில், சற்றே கேட்கும் டேப்பெட் சத்தம் நலத்தின் அடையாளமாகவே இருக்கலாம். சத்தமே இல்லாமல் போன என்ஜினைத்தான் நான் ஐயத்தோடு பார்ப்பேன். வால்வு தன் இருக்கையில் மெல்ல அமிழ அமிழ இடைவெளி குறைகிறது. இடைவெளி அற்றுப்போனால் வால்வு முழுமையாக மூடாது, சூட்டை இருக்கைக்குக் கடத்த முடியாமல் அதன் விளிம்பு எரிந்துபோகும். இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை வைத்து அளக்காமல், காதுக்கு இனிமையாக இருக்கும்வரை டேப்பெட்டை இறுக்கித் தருபவர்கள் வாடிக்கையாளருக்கு நன்மை செய்வதில்லை.

ஆயில் விளக்கைப் பற்றியும் தவறான நம்பிக்கை பரவியிருக்கிறது. பெரும்பாலான வண்டிகளில் அது அழுத்தம் ஏறத்தாழ 0.3 முதல் 0.5 பாருக்குக் கீழே இறங்கியபின் மட்டுமே எரியும். அதற்குள் பேரிங்குகள் ஆபத்தில் இருக்கும். விளக்கு எரியவில்லை, ஆகவே அழுத்தம் சரி என்று முடிவு கட்டக்கூடாது. விளக்கின் சுவிட்சைக் கழற்றி அங்கே ஒரு அழுத்த மானியைப் பொருத்தி, குளிர்ந்த நிலையிலும் முழுச் சூட்டில் ஐடிலிங்கிலும் அளந்து, கையேட்டில் உள்ள அளவோடு ஒப்பிட்டால் ஊகங்களுக்கு இடமில்லை.

இனி ஆயிலைத் தேர்ந்தெடுப்பதைப் பற்றி. வண்டியின் கையேட்டில் வெப்பநிலைக்கேற்பப் பல தரங்களைக் காட்டும் ஓர் அட்டவணை பெரும்பாலும் இருக்கும். பழைய கையேடுகளில் அது தாராளமாகவே இருக்கும். அந்த அட்டவணைக்குள் நின்று, பின் எண்ணைத் தேவைக்கேற்ப ஒரு படி உயர்த்துவதில் எனக்கு மறுப்பில்லை. கடும் வெப்பத்தில் சுமையோடு ஓடும் வண்டி, சூடான ஐடிலிங்கில் அழுத்தம் குறைவாகக் காட்டும் வண்டி, கசிவு இல்லாமலே ஆயில் குறையும் வண்டி ஆகியவற்றுக்கு 30-லிருந்து 40-க்குப் போவது நியாயமானது. ஆனால் முன் எண்ணைச் சிறியதாகவே வைத்துக்கொள்ள வேண்டும்: 5டபிள்யூ-30 கேட்கும் என்ஜினுக்கு 5டபிள்யூ-40. ஃபேசரும் ஹைட்ராலிக் டேப்பெட்டும் நுண்ணிய துளைகளின் வழியே வரும் ஆயிலை நம்பியிருப்பதால், அவை உள்ள என்ஜினில் 50-க்குத் தாவ வேண்டாம். 20டபிள்யூ-50 ஆயிலையே மனத்தில் வைத்து வடிவமைக்கப்பட்ட பழைய என்ஜின்கள் இருக்கின்றன. அவற்றுக்கு அதுவே சரி.

எண்களுக்கு அடுத்தது தரக்குறியீடு. அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்பான ஏ.பி.ஐ., பெட்ரோல் என்ஜின்களுக்கு எஸ் என்ற எழுத்தில் தொடங்கும் வரிசையைத் தருகிறது; எஸ்.என். 2010-லும் எஸ்.பி. 2020-லும் வந்தவை. புதியது பழையதைவிட மேலானது என்பது பெரும்பாலும் உண்மை. தட்டை அடிப்பாகம் கொண்ட டேப்பெட்டுகள் கேம்ஷாப்ட்டில் உராய்ந்தே இயங்கும் மிகப் பழைய என்ஜின்களுக்கு மட்டும் இதில் ஒரு விலக்கு உண்டு. அங்கே தேய்மானத்தைத் தடுப்பது துத்தநாகமும் பாஸ்பரசும் சேர்ந்த ஒரு கூட்டுப்பொருள். பாஸ்பரஸ் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைக் கெடுப்பதால், 2004-இல் வந்த எஸ்.எம். தரத்திலிருந்து 30 வரையிலான மெல்லிய தரங்களில் அதன் அளவு 0.08 சதவீதத்துக்கு மிகாமல் வரையறுக்கப்பட்டது. 40, 50 தரங்களுக்கு அந்த உச்சவரம்பு இல்லை. கன்வர்ட்டர் இல்லாத, தட்டை டேப்பெட் கொண்ட வண்டியை வைத்திருப்பவர் டப்பாவைத் தேர்ந்தெடுக்கும்போது இதைக் கேட்டு வாங்க வேண்டும். இருசக்கர வாகனங்களில் பெரும்பாலும் கிளட்ச் அதே ஆயிலில் மூழ்கியிருப்பதால் ஜப்பானிய வாகனத் தர அமைப்பான ஜாசோவின் எம்.ஏ. குறியீடு உள்ளதை மட்டுமே ஊற்ற வேண்டும். உராய்வைக் குறைக்கும் பொருள்கள் சேர்ந்த கார் ஆயில் கிளட்ச்சை வழுக்கச் செய்யும்.

செயற்கை ஆயில் பழைய என்ஜினில் கசியும் என்ற அச்சம் 1970களில் வேரூன்றியது. அக்காலத்து முதல் தலைமுறைச் செயற்கை ஆயில்கள், கசிவை அடைக்கும் ரப்பர் சீல்களைச் சற்றுச் சுருங்கச் செய்தது உண்மை. பின்னர் அதைச் சமன்செய்யும் எஸ்டர் போன்றவை சேர்க்கப்பட்டுவிட்டன. இன்று மாற்றியபின் கசிந்தால், பெரும்பாலும் ஏற்கெனவே விறைத்துப்போன சீலை அடைத்திருந்த படிவு கரைந்துவிட்டது என்றே பொருள். இதைவிட எனக்கு அச்சம் தருவது என்ஜினின் உட்புறத்தைக் கழுவ ஊற்றும் ஃப்ளஷ் திரவங்கள். பல ஆண்டு ஆயில் மாற்றாமல் விட்ட என்ஜினில் அவை படிவைக் கட்டிகளாகப் பெயர்த்து, சம்பில் உள்ள வடிகட்டி வலையான ஸ்ட்ரெய்னரை அடைத்துவிடக்கூடும். அப்படிப்பட்ட என்ஜினுக்கு நல்ல ஆயிலை ஊற்றி, ஃபில்டரோடு சேர்த்துக் குறுகிய இடைவெளியில் சிலமுறை மாற்றுவதே பாதுகாப்பு. கழற்றிய ஃபில்டரை வீசிவிடாமல் வெட்டி விரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். செம்பு நிறத்தில் மினுக்கும் துகள்கள் பேரிங்கைக் காட்டும். காந்தத்தில் ஒட்டுபவை இரும்புப் பாகங்களைக் காட்டும்.

ஆயில் மாற்றும் காலத்தைக் கிலோமீட்டரால் மட்டும் அளக்கக்கூடாது. நாள்தோறும் ஓரிரு கிலோமீட்டர் ஓடி நிற்கும் வண்டியில் என்ஜின் முழுச் சூட்டை எட்டுவதில்லை. எரியாத பெட்ரோலும் நீராவியும் ஆயிலில் தங்கிவிடும். டிப்ஸ்டிக்கில் பெட்ரோல் மணம் வந்தால் ஆயில் மெலிந்துவிட்டது. ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் பால்போன்ற படிவு தெரிந்தால், ஒரு நெடும்பயணத்துக்குப் பிறகும் அது திரும்ப வருகிறதா, கூலண்ட் குறைகிறதா என்று பார்த்தபின்தான் என்ஜினின் தலைப்பகுதிக்கு அடியில் உள்ள அடைப்பான ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். டீசலில் ஆயில் விரைவில் கறுத்துவிடுவது தன் வேலையைச் செய்வதன் அறிகுறியே.

சத்தம் எதுவாக இருந்தாலும், குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்தவுடன் ஆக்சிலரேட்டரை முறுக்கி உறுமவிடும் பழக்கம் கைவிடப்பட வேண்டும். பேரிங்குக்கு ஆயில் வரும்முன் சுற்று வேகத்தைக் கூட்டுவது அது. நீண்ட நேரம் நின்ற இடத்திலேயே ஓடவிடுவதும் வேண்டாம். அரை நிமிடம் பொறுத்து, முதல் சில கிலோமீட்டரை மென்மையாக ஓட்டினால் என்ஜின் விரைவில் சூடேறும்.

தங்களிடம் எனது வேண்டுகோள் இதுதான். வாகனக் கேள்விகளை வரவேற்கும் அறிவிப்பில், வண்டியின் மாடல், ஆண்டு, பெட்ரோலா டீசலா, சத்தம் எத்தனை நொடி நீடிக்கிறது, எவ்வளவு நேரம் நின்றபின் வருகிறது, இப்போது ஊற்றியுள்ள ஆயிலின் தரம், ஃபில்டர் எப்போது மாற்றப்பட்டது ஆகிய விவரங்களையும் கேட்டு வாங்குங்கள். அவை இல்லாமல் யாரும் சரியான பதில் தர இயலாது. கேள்வி அனுப்பிய அந்த வாசகர் 20டபிள்யூ-50 ஊற்றுவதற்கு முன், ஆயில் அளவையும் ஃபில்டரையும் சரிபார்த்து, அதன் பிறகும் கடகடப்பு வந்தால் டைமிங் செயினையும் டென்ஷனரையும் காட்டும்படி அதே பக்கத்தில் ஒரு குறிப்பு வெளியிட்டால் பெரிதும் நன்றியுடையவனாவேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்